லோக்கல் டிஸ்க்கில் பாஸ், என்எஃப்எஸ்ஸில் ஃபெயில்: தப்பு யாருடையது?

ஒரு நிரல் ஒரு கோப்பைத் திறக்கிறது. திறந்த கையோடு அதை அழித்தும் விடுகிறது. ஆனால் மூடவில்லை, தொடர்ந்து அதில் எழுதுகிறது, எழுதியதைப் படிக்கிறது. யூனிக்ஸ் உலகில் இது பழைய பழக்கம். தற்காலிகமாக ஒரு கோப்பு வேண்டும், நடுவில் நிரல் செத்துப்போனாலும் குப்பை மிஞ்சக் கூடாது என்றால் இப்படித்தான் செய்வார்கள். எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் போன்ற உள்ளூர் கோப்பு முறைமைகளில் பெயர் அந்தக் கணமே போய்விடும். தரவு மட்டும் கடைசி ஆள் மூடும்வரை உயிரோடு இருக்கும்.

என்எஃப்எஸ் என்பது வேறொரு இயந்திரத்தில் (சர்வர்) இருக்கும் கோப்புகளை நெட்வொர்க் வழியாக நம் இயந்திரத்தில் (கிளையன்ட்) பயன்படுத்த உதவும் நெறிமுறை. இதே வேலையை அப்படி இணைத்த ஒரு என்எஃப்எஸ் மவுண்ட்டில் செய்துவிட்டு, மறைந்த கோப்புகளும் தெரியும்படி அந்த அடைவைப் பட்டியலிட்டுப் பாருங்கள். ஒரு புள்ளி, அப்புறம் என்எஃப்எஸ் என்ற மூன்று எழுத்து, அதன் பின்னால் நீளமாக ஒரு பதினறும எண் என்று ஒரு புதுக் கோப்பு உட்கார்ந்திருக்கும். அழிக்கச் சொன்ன கோப்புதான் அது. சர்வரிடம் "அழி" என்று சொல்வதற்குப் பதிலாக கிளையன்ட் "பெயரை மாற்று" என்று சொல்லியிருக்கிறது. காரணம் எளிது. என்எஃப்எஸ் 2, 3 ஆகிய பதிப்புகளில் "இந்தக் கோப்பை யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள்" என்ற கருத்தே சர்வரிடம் கிடையாது. அழி என்றால் அடியோடு அழித்துவிடும். அடுத்த வரியில் படிக்கப் போகும் நிரலுக்கு ஈஸ்டேல் (அந்தக் கோப்பு இப்போது இல்லை) என்ற பிழைதான் கிடைக்கும். அதனால் கிளையன்ட் பெயரை மாற்றி வைத்துக்கொண்டு, நிரல் மூடியபிறகு உண்மையில் அழிக்கிறது. இதற்கு சில்லி ரீநேம் என்று பெயர். வைத்தவர்களுக்கே இது கொஞ்சம் கோமாளித்தனமாகப் பட்டிருக்க வேண்டும். நான்காம் பதிப்பில் "திற" என்ற செயல் நெறிமுறைக்குள்ளேயே வந்துவிட்ட பிறகும் லினக்ஸ் கிளையன்ட் இந்த வழக்கத்தை விடவில்லை.

இனி, இந்த நடத்தையைச் சோதிக்கும் ஒரு டெஸ்ட்டை எடுத்துக்கொள்வோம். கோப்பு முறைமைகளைச் சோதிக்கும் எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் தொகுப்பில் ஜெனரிக் 035 என்று ஒன்று இருக்கிறது. திறந்திருக்கும் ஒரு கோப்பின் மேல் இன்னொரு கோப்பை ரீநேம் செய்து, பழைய கோப்பின் இணைப்பு எண்ணிக்கை (எத்தனை பெயர்கள் அதைச் சுட்டுகின்றன என்ற எண்) பூஜ்யமாகிவிட்டதா என்று பார்க்கும். உள்ளூர் டிஸ்க்கில் பூஜ்யம் வரும். என்எஃப்எஸ்ஸிலோ அந்தப் பழைய கோப்பு வேறு பெயரில் ஒளிந்திருப்பதால், எண்ணிக்கை ஒன்று என்று சர்வர் உள்ளதைச் சொல்கிறது. டெஸ்ட் ஃபெயில்.

இதில் தப்பு யாருடையது? கிளையன்ட் நிரலில் பிழை இல்லை. தன்னால் முடிந்ததைச் செய்திருக்கிறது. சர்வர் பொய் சொல்லவில்லை. டெஸ்ட்டும் யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான தரநிலையான பாசிக்ஸ் சொல்வதைத்தான் கேட்கிறது. உள்ளூர் கோப்பு முறைமைக்கு எழுதிய டெஸ்ட்டுகளை நெட்வொர்க் கோப்பு முறைமைக்குக் கொண்டுபோகும்போது பெரும்பாலான நேரம் இந்த மாதிரி விவகாரங்களைப் பிரித்துப் பார்ப்பதில்தான் செலவாகிறது. ஃபெயில் என்று வந்த ஒவ்வொன்றும் நிஜமான பிழையா, நெறிமுறையின் எல்லையா, அல்லது டிஸ்க் பக்கத்திலேயே இருக்கிறது என்று டெஸ்ட் சொல்லாமல் வைத்துக்கொண்ட அனுமானமா?

எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அந்த அனுமானங்கள் எங்கிருந்து வந்தன என்பதும் புரியும். சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் தன் ஐரிக்ஸ் இயங்குதளத்துக்காக எக்ஸ்எஃப்எஸ்ஸை உருவாக்கியது; அதைச் சோதிக்க எழுதியவைதான் இந்த டெஸ்ட்டுகள். எக்ஸ்எஃப்எஸ் லினக்ஸுக்கு வந்தபோது இவையும் கூடவே வந்தன. அப்புறம் எக்ஸ்ட்4, பிடிஆர்எஃப்எஸ் ஆட்கள் எல்லாம் இதையே பயன்படுத்த ஆரம்பித்தார்கள். இன்று ஜெனரிக் என்ற பொது வரிசையின் எண்கள் மட்டுமே 700ஐத் தாண்டிவிட்டன. என்எஃப்எஸ், சிஐஎஃப்எஸ் (விண்டோஸ் மரபில் வந்த எஸ்எம்பி நெறிமுறை), செஃப் ஆகிய நெட்வொர்க் வகைகளுக்கும் தனி அடைவுகள் உண்டு. ஒவ்வொரு டெஸ்ட்டும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். அதற்குப் பக்கத்தில் எதிர்பார்க்கும் வெளியீடு ஒரு கோப்பில் இருக்கும். ஓடி முடிந்ததும் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒரு பிழைச் செய்தி வேறு மாதிரி வந்தாலே ஃபெயில்.

இந்தத் தொகுப்புக்கு இரண்டு இடங்கள் தேவை: நிரந்தரமாக இருக்கும் ஒரு டெஸ்ட் டிவைஸ், எப்போது வேண்டுமானாலும் அழித்து எழுதக்கூடிய ஒரு ஸ்க்ராட்ச் டிவைஸ். என்எஃப்எஸ்ஸுக்கு டிவைஸ் என்ற இடத்தில் சர்வர் பெயரும் முக்காற்புள்ளியும் எக்ஸ்போர்ட் (சர்வர் பகிரும் அடைவு) பாதையும் கொடுத்துவிடலாம். அதுவரை சரி. ஆனால் டெஸ்ட்டுகள் பாதியில் "ஸ்க்ராட்ச்சைப் புதிதாக ஃபார்மேட் செய்" என்கின்றன. கிளையன்ட் பக்கம் உட்கார்ந்துகொண்டு சர்வரின் டிஸ்க்கை எப்படி ஃபார்மேட் செய்வது? முடியாது. அதனால் நெட்வொர்க் வகைகளுக்கு அந்த இடத்தில் நடப்பது வெறும் துடைப்பு: ஸ்க்ராட்ச்சில் இருக்கும் கோப்புகளை எல்லாம் அழித்துவிட்டு, ஃபார்மேட் ஆனதாக வைத்துக்கொள்வது. "இத்தனை மெகாபைட் அளவில் ஒரு சின்ன கோப்பு முறைமை உண்டாக்கு" என்று கேட்கும் டெஸ்ட்டுகள் ஓடவே முடியாது. இடம் தீர்ந்துபோகும் சூழலைச் சோதிப்பவற்றில் நிறைய இந்த வகை. டெஸ்ட் முடிந்தபின் கோப்பு முறைமை சீராக இருக்கிறதா என்று பரிசோதிக்கும் கட்டமும் என்எஃப்எஸ்ஸுக்கு வெற்று. மின்சாரம் போனது போல நடித்து ஜர்னலை (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு) சோதிக்கும் டெஸ்ட்டுகள், உள்ளூர் டிஸ்க்குக்கு மேல் உட்காரும் டிவைஸ் மேப்பர் என்ற கெர்னல் வசதியை நம்பியிருப்பதால் அவையும் போச்சு.

துடைப்பு என்றதும் சில்லி ரீநேம் திரும்பத் தலைகாட்டும். முந்தைய டெஸ்ட்டின் ஏதோ ஒரு பின்னணி நிரல் இன்னும் ஒரு கோப்பைத் திறந்து வைத்திருந்தால், அடைவுக்குள் அந்தப் புள்ளி வைத்த கோப்பு இருக்கும். அடைவை அழிக்கப் போனால் "காலியாக இல்லை" என்று வரும். ஃபெயில் ஆவது இந்த டெஸ்ட். காரணம் இதற்கு முன்னால் ஓடியது. லாக் கோப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் தலை சுற்றும்.

அனுமதி விஷயம் இன்னொரு கண்ணி. எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராகத்தான் ஓடும். ஆனால் லினக்ஸ் என்எஃப்எஸ் சர்வர் இயல்பாகவே கிளையன்ட்டின் ரூட்டை நம்பாது. அடையாளமற்ற 65534ஆம் பயனராக மாற்றிவிடும். எக்ஸ்போர்ட் வரியில் இந்த மாற்றத்தை நிறுத்தாமல் டெஸ்ட்டைத் தொடங்கினால், உரிமையாளரை மாற்றும் முதல் வரியிலேயே எல்லாம் சரிந்துவிடும். அது அமைப்புக் கோளாறு, பார்த்ததும் தெரிந்துவிடும். நுணுக்கமானது வேறொன்று. பாசிக்ஸ் விதிப்படி அனுமதி பார்ப்பது கோப்பைத் திறக்கும்போது மட்டும். திறந்தபிறகு அனுமதியை முழுக்கப் பிடுங்கினாலும் கையில் இருக்கும் விவரிப்பானை (திறந்த கோப்பைக் குறிக்கும் எண்) வைத்து எழுதலாம். திறப்பது என்றால் என்னவென்றே தெரியாத மூன்றாம் பதிப்பு சர்வரோ ஒவ்வொரு எழுத்துக் கோரிக்கைக்கும் அனுமதி பார்க்கிறது. இந்தச் சிக்கலைச் சமாளிக்க, கோரிக்கை கோப்பின் உரிமையாளரிடமிருந்து வந்தால் சர்வர் கண்டும் காணாமலும் விட்டுவிடும். பெரும்பாலான டெஸ்ட்டுகள் இதனால் தப்பிக்கின்றன. உரிமையாளர் அல்லாத ஒருவர் திறந்து வைத்திருக்கையில் அனுமதியைப் பிடுங்கும் டெஸ்ட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது.

கடிகாரமும் இரண்டு. கோப்பின் மாற்ற நேரத்தைப் பதிவு செய்வது சர்வரின் கடிகாரம். டெஸ்ட் ஸ்கிரிப்ட் "இப்போது மணி என்ன" என்று கேட்பது கிளையன்ட்டின் கடிகாரத்திடம். இரண்டுக்கும் அரை விநாடி வித்தியாசம் இருந்தாலே, "இப்போதுதான் எழுதினேன், ஆனால் கோப்பின் நேரம் நான் எழுதத் தொடங்கியதற்கு முந்தையது" என்ற விசித்திரம் வரும். என்எஃப்எஸ் மவுண்ட்டில் மேக் என்ற நிரல் கட்டும் கருவியை ஓட்டியவர்களுக்கு "கோப்பின் நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது" என்ற எச்சரிக்கை பழகியிருக்கும், அதே கதைதான். கடைசியாகப் படித்த நேரம் இன்னும் மோசம். அதை எப்போது பதிவது என்று கட்டுப்படுத்தும் நோஏடைம், ரெல்ஏடைம் முதலிய மவுண்ட் விருப்பங்களுக்கு என்எஃப்எஸ்ஸில் எந்த விளைவும் இல்லை என்று கையேடே சொல்கிறது. எனவே அவற்றைச் சோதிக்கும் டெஸ்ட்டுகள் என்எஃப்எஸ், சிஐஎஃப்எஸ் என்று பார்த்தவுடன் விலகிக்கொள்ளும்படி எழுதப்பட்டிருக்கின்றன.

விலகிக்கொள்வது என்றதும் நின்று பேச வேண்டியிருக்கிறது. எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸில் பாஸ், ஃபெயில் தவிர "ஓடவில்லை" என்று மூன்றாவது விடை உண்டு. டெஸ்ட்டின் தொடக்கத்தில் "எனக்கு இன்னின்ன வசதிகள் வேண்டும்" என்று ரெக்வயர் வரிகள் இருக்கும். இல்லையென்றால் காரணத்தைச் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடும். கேள்வி, இந்த வரியை எப்படி எழுதுவது என்பதுதான். "என்எஃப்எஸ் என்றால் ஓடாதே" என்று பெயரைச் சொல்லி ஒதுக்குவது சுலபம், ஒரே வரி. ஆனால் என்எஃப்எஸ் ஒரே பொருள் அல்ல. மூன்றாம் பதிப்பு 1995இல் ஆவணமானது, 4.2 பதிப்பு 2016இல். கோப்புக்குள் ஓட்டை போடுவது (நடுவில் ஒரு பகுதியின் இடத்தை விடுவிப்பது), ஓட்டை எங்கே என்று தேடுவது, சர்வருக்குள்ளேயே நகலெடுப்பது, குளோன் செய்வது (தரவை நகலெடுக்காமல் பகிர்ந்துகொள்ளும் பிரதி) எல்லாம் 4.2இல் வந்தன. பயனர் வகை நீட்டிப்புப் பண்புகள் (கோப்போடு ஒட்டிவைக்கும் கூடுதல் தகவல்) 2017இல் தனி ஆவணமாகி, லினக்ஸ் 5.9 கெர்னலில்தான் வந்து சேர்ந்தன. அதற்கு முன்னால் "என்எஃப்எஸ்ஸில் நீட்டிப்புப் பண்பு கிடையாது" என்று பெயரைச் சொல்லி ஒதுக்கியிருந்தால், 5.9க்குப் பிறகும் அந்த டெஸ்ட் சும்மா தூங்கிக்கொண்டிருக்கும். யாருக்கும் தெரியாது, ஏனென்றால் "ஓடவில்லை" என்பது சிவப்பு நிறத்தில் வருவதில்லை.

குளோன் விஷயத்தில் பதிப்பு எண்ணைப் பார்த்தாலும் போதாது. கிளையன்ட் 4.2 பேசும், சர்வரும் 4.2 பேசும், ஆனால் சர்வருக்கு அடியில் எக்ஸ்ட்4 இருந்தால் குளோன் நடக்காது, எக்ஸ்எஃப்எஸ்ஸோ பிடிஆர்எஃப்எஸ்ஸோ இருந்தால் நடக்கும். கிளையன்ட்டிலிருந்து பார்த்து அடியில் என்ன இருக்கிறது என்று அறிய நேரான வழி இல்லை. செய்து பார்ப்பதுதான் வழி. ஒரு சின்ன கோப்பு உண்டாக்கி, குளோன் செய்து பார், ஆதரவு இல்லை என்று வந்தால் ஒதுங்கு. தொகுப்பில் உள்ள நல்ல ரெக்வயர் செயல்பாடுகள் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன, எனக்குத் தெரிந்து இந்த வேலையில் நிலைத்து நிற்கும் ஒரே முறையும் இதுதான்.

இதிலும் ஓர் ஆபத்து உண்டு. நேற்றுவரை வேலை செய்த வசதி இன்று கெர்னல் பிழையால் உடைந்துபோய் "ஆதரவு இல்லை" என்று திருப்பினால், செய்து பார்க்கும் ரெக்வயர் அதையும் சமர்த்தாக ஒதுக்கிவிடும். நிஜமான பிழை "ஓடவில்லை" பட்டியலுக்குள் புதைந்துவிடும். ஆகையால் ஃபெயில் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், போன முறை ஓடிய டெஸ்ட் இந்த முறை ஏன் ஓடவில்லை என்றும் ஒப்பிட வேண்டியிருக்கிறது. பல குழுக்கள் இதைச் செய்வதில்லை என்பது என் எண்ணம்.

பெயரைச் சொல்லி ஒதுக்குவது நியாயமான இடங்களும் உண்டு. ஜெனரிக் 294 நல்ல உதாரணம். படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்த இடத்தில், ஏற்கெனவே இருக்கும் ஒரு பெயரில் அடைவு உண்டாக்கப் பார்க்கிறது. "ஏற்கெனவே இருக்கிறது" என்ற பிழை வர வேண்டும் என்பது டெஸ்ட்டின் எதிர்பார்ப்பு. "படிக்க மட்டும்" என்ற பிழை வரக் கூடாது. இதற்கு முதலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று தேட வேண்டும். என்எஃப்எஸ் கிளையன்ட் புதிதாக ஒன்றை உண்டாக்கும்போது அந்தத் தேடலை வேண்டுமென்றே விட்டுவிடுகிறது. ஒரு முறை சர்வருக்குப் போய்வரும் செலவு மிச்சம். அதனால் வேறு பிழை வருகிறது. எந்தப் பயனரும் இதனால் பாதிக்கப்படப் போவதில்லை. டெஸ்ட்டைச் சமாதானப்படுத்த ஒவ்வொரு கோப்பு உருவாக்கத்துக்கும் கூடுதல் பயணம் சேர்ப்பது முட்டாள்தனம். இங்கே வசதி இருக்கிறதா என்று செய்து பார்க்க ஒன்றும் இல்லை. என்எஃப்எஸ்ஸின் வடிவமைப்பு முடிவு அது. பெயரைச் சொல்லி, காரணத்தை ஒரு வரி எழுதி ஒதுக்கிவிடலாம்.

பூட்டுகளுக்கு வந்தால் எதுவும் இவ்வளவு சுலபமாக இல்லை. லினக்ஸில் கோப்பைப் பூட்டும் அழைப்புகளில் எஃப்லாக் ஒரு வகை, எஃப்சிஎன்டிஎல் ஒரு வகை. உள்ளூரில் இவை ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாது. 2.6.12 கெர்னலிலிருந்து என்எஃப்எஸ் கிளையன்ட் எஃப்லாக்கை, முழுக் கோப்புக்கும் போட்ட எஃப்சிஎன்டிஎல் பூட்டாக மாற்றி சர்வருக்கு அனுப்புகிறது. உடனே இரண்டு விளைவுகள்: இரு வகைப் பூட்டுகளும் மோதிக்கொள்ளும், தனிப்பூட்டு (வேறு யாரும் கூடவே பூட்ட முடியாத பூட்டு) போட வேண்டுமானால் கோப்பை எழுதுவதற்காகத் திறந்திருக்க வேண்டும். படிக்கத் திறந்த கோப்பின் மேல் தனிப்பூட்டு போடும் டெஸ்ட், ஏன் ஸ்கிரிப்ட்டுகளும்கூட, இங்கே விழும். எஸ்எம்பி பக்கம் இன்னும் கடுமை. லினக்ஸ் 5.5 முதல் அங்கேயும் எஃப்லாக் சர்வருக்குப் போகிறது, ஆனால் அந்தப் பூட்டு வெறும் ஆலோசனைப் பூட்டு அல்ல. பூட்டிய கோப்பை வேறொரு விவரிப்பான் வழியாகத் தொட்டாலே அனுமதி மறுப்பு வரும். "பூட்டு இருந்தாலும் பூட்டைக் கேட்காதவர் படிக்கலாம்" என்று காலம்காலமாக நம்பி எழுதிய டெஸ்ட், விண்டோஸ் மரபில் வந்த நெறிமுறையில் எப்படிப் பாஸ் ஆகும்?

எஸ்எம்பியில் கோப்பு அழிப்பும் அந்த மரபுதான். யாராவது திறந்து வைத்திருக்கும் கோப்பை அழித்தால் அது "அழியவிருக்கிறது" என்ற நிலைக்குப் போகும். கடைசி ஆள் மூடும்வரை அதே பெயரில் புதிதாக ஒன்றை உண்டாக்க முடியாது. அழித்த அடுத்த வரியிலேயே அதே பெயரில் கோப்பு உண்டாக்கும் டெஸ்ட்டுகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் பயமாக இருக்கும்.

இத்தனையும் கேட்டால் உள்ளூர் டெஸ்ட்டுகளை நெட்வொர்க்கில் ஓட்டுவதே வீண் என்று தோன்றலாம். அப்படி இல்லை. எஃப்எஸ்எக்ஸ் என்று ஒரு நிரல் இந்தத் தொகுப்பில் இருக்கிறது. நெக்ஸ்ட் நிறுவனத்தில் பிறந்து, ஆப்பிள் வழியாக வந்தது. ஒரே கோப்பில் கண்டபடி எழுதும், படிக்கும், வெட்டும், எம்மேப் (கோப்பை நினைவகத்தில் பொருத்துவது) வழியாகத் தொடும். கோப்பில் என்ன இருக்க வேண்டும் என்று நினைவகத்தில் ஒரு பிரதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் ஒப்பிடும். ஒரு பைட் மாறினாலும் நின்று, என்னென்ன செய்தேன் என்று வரிசையாக ஒப்பிக்கும். என்எஃப்எஸ் கிளையன்ட்டின் பக்கக் கேஷும் (கோப்புத் தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் இடம்), பின்னால் சர்வருக்கு எழுதும் வேலையும், நடுவில் கோப்பைச் சுருக்குவதும் ஒன்றையொன்று முந்திக்கொள்ளும் இடத்தில்தான் தரவு கெடும் பிழைகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிடிக்க எஃப்எஸ்எக்ஸில் ஒரு வரியும் மாற்ற வேண்டாம். எஃப்எஸ்எக்ஸ் ஃபெயில் ஆனால் நெறிமுறை, அனுமானம் என்று சாக்குச் சொல்ல எதுவும் இல்லை, பிழைதான்.

நெட்வொர்க் உடைவது என்ற பெரிய விஷயத்தை உள்ளூர் டெஸ்ட்டுகள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அடைவு உண்டாக்கு என்று கிளையன்ட் கேட்கிறது, சர்வர் உண்டாக்கிவிடுகிறது, பதில் மட்டும் வழியில் தொலைந்துவிடுகிறது. கிளையன்ட் மறுபடி கேட்கிறது. "ஏற்கெனவே இருக்கிறது" என்று பதில் வருகிறது. நிரலைப் பொறுத்தவரை தான் இப்போதுதான் முதல்முறையாகக் கேட்டது. இதைத் தடுக்க சர்வர்கள் சமீபத்திய கோரிக்கைகளின் பதில்களை நினைவில் வைத்திருக்கும், 4.1 பதிப்பில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் வரிசை எண் கொடுத்து இதை முறைப்படுத்தினார்கள். சர்வரை நடுவில் மறுதொடக்கம் செய்தால் இன்னொரு வேடிக்கை: லினக்ஸ் சர்வரின் நான்காம் பதிப்பு, பழைய கிளையன்ட்டுகள் தங்கள் பூட்டுகளைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ள இயல்பாக 90 விநாடி அவகாசம் தரும். அதுவரை புதுப் பூட்டு கிடையாது. முப்பது விநாடியில் "தொங்கிவிட்டது" என்று முடிவு கட்டும் டெஸ்ட், சரியாக நடந்துகொள்ளும் சர்வரைக் குற்றம் சொல்லும்.

இவற்றைச் சோதிக்க நெட்வொர்க்குக்கென்றே பிறந்த தொகுப்புகள் இருக்கின்றன. சன் நிறுவனம் நடத்திய கனெக்டத்தான் கூடல்களில், வேறு வேறு நிறுவனங்களின் கிளையன்ட்டும் சர்வரும் ஒன்றோடொன்று பேசுகின்றனவா என்று பார்க்க எழுதிய டெஸ்ட்டுகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. திறந்தபின் அழிப்பது, திறந்தபின் அனுமதி மாற்றுவது, ஒரே கோரிக்கை இரண்டு முறை போவது ஆகிய ஒவ்வொன்றுக்கும் அதில் தனித்தனி நிரல் உண்டு. நெறிமுறைச் செய்திகளையே கையால் கட்டி அனுப்பி, சர்வரை நேராகச் சீண்டிப் பார்க்க பைஎன்எஃப்எஸ் இருக்கிறது. எஸ்எம்பிக்கு சாம்பாவின் எஸ்எம்பிடார்ச்சர்.

எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸை மட்டும் நம்பி இருப்பவர்களுக்கு ஒரு நடைமுறை. முதலில் சர்வருக்குள்ளேயே, எக்ஸ்போர்ட் ஆகும் அதே வகைக் கோப்பு முறைமையில் முழுத் தொகுப்பையும் ஓட்டி வைத்துக்கொள்ள வேண்டும். அங்கேயே விழும் டெஸ்ட்டுக்கு என்எஃப்எஸ்ஸைத் திட்டிப் பயனில்லை. அப்புறம் மூன்றாம் பதிப்பு ஒரு முறை, 4.2 ஒரு முறை என்று தனித்தனியாக. இரண்டிலும் விழுவது வேறு, ஒன்றில் மட்டும் விழுவது வேறு. பாசிக்ஸ் ஏசிஎல் (யார் யாருக்கு என்ன அனுமதி என்ற பட்டியல்) டெஸ்ட்டுகள் மூன்றாம் பதிப்பில் ஒரு துணை நெறிமுறையின் புண்ணியத்தில் ஓடும், நான்காம் பதிப்புக்குச் சொந்த ஏசிஎல் மாதிரி இருப்பதால் அங்கே ஓடாது. புதிய பதிப்பு என்றால் எல்லாம் கூடுதலாகத்தான் இருக்கும் என்று நினைப்பவர்களை இது ஏமாற்றும். கிளையன்ட்டையும் சர்வரையும் ஒரே இயந்திரத்தில் வைத்தும் ஓட்டலாம், வசதிதான். நினைவகம் நெருக்கடியாகும்போது இருவரும் ஒருவருக்கொருவர் காத்திருந்து உறைந்துபோகும் வாய்ப்பு உண்டு. இரண்டு மெய்நிகர் இயந்திரங்கள் நல்லது.

இவ்வளவும் பாஸ் ஆனாலும் ஒன்று சோதிக்கப்படாமலே இருக்கிறது: இரண்டு கிளையன்ட். நெட்வொர்க் கோப்பு முறைமையை ஒருவர் வாங்குவதே பல இயந்திரங்களிலிருந்து தொடத்தான், ஆனால் தொகுப்பு ஒரே இயந்திரத்திலிருந்து தொட்டுப் பார்த்துவிட்டு முடித்துக்கொள்கிறது. ஜெனரிக் 131 இதற்கு ஒரு சுவாரசியமான சாட்சி. சிலிக்கான் கிராஃபிக்ஸின் சிஎக்ஸ்எஃப்எஸ் என்ற கிளஸ்டர் கோப்பு முறைமைக்காக எழுதிய பூட்டு டெஸ்ட் அது. உள்ளே இருக்கும் நிரல் இரண்டு பாகமாக, சாக்கெட் வழியாகப் பேசிக்கொள்ளும். இரண்டு இயந்திரங்களில் ஓடக்கூடிய நிரலைத் தொகுப்பு லோக்கல்ஹோஸ்ட்டிலேயே இரண்டு முறை ஓட்டிவிட்டுத் திருப்திப்படுகிறது.

இரண்டு கிளையன்ட் டெஸ்ட் எழுதத் தொடங்கினால் எதிர்பார்ப்புக் கோப்பில் என்ன எழுதுவது என்பதே சிக்கலாகும். முதல் கிளையன்ட் எழுதி மூடிய பிறகு இரண்டாவது திறந்தால் புதிய தரவு தெரிந்தாக வேண்டும். மூடல்-திறப்பு ஒத்திசைவு என்று என்எஃப்எஸ் தரும் வாக்கு இது. இதை அடித்துச் சொல்லி சோதிக்கலாம். முதலாமவர் இன்னும் மூடவில்லை, இரண்டாமவர் முன்பே திறந்து வைத்திருக்கிறார் என்றால் எந்த வாக்கும் இல்லை. கோப்பின் பண்புகளை லினக்ஸ் கிளையன்ட் இயல்பாக 3 முதல் 60 விநாடிவரை கேஷில் வைத்துக்கொள்ளலாம். பழைய அளவு தெரிந்தாலும் சரி, புதியது தெரிந்தாலும் சரி. ஒரே கோப்பின் கடைசியில் இரண்டு கிளையன்ட்டும் ஒட்டி எழுதினால் ஒருவர் எழுதியதை மற்றவர் மிதித்துவிடலாம் என்று லினக்ஸ் கையேடு வெளிப்படையாகவே எச்சரிக்கிறது, ஏனென்றால் "கடைசியில் எழுது" என்ற செயலே நெறிமுறையில் இல்லை. கிளையன்ட் கோப்பின் அளவைப் பார்த்து, அந்த இடத்தில் எழுதச் சொல்கிறது. அங்கே டெஸ்ட் எதிர்பார்க்கக்கூடியது மிகக் குறைவு: இருவரும் மூடிய பிறகு, மூன்றாவதாகத் திறக்கும் எவருக்கும் ஒரே உள்ளடக்கம் தெரிய வேண்டும்.